உப்புக்காகத்தான் பேசவில்லை

நவம்பர் 30, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். விசைப்படகு எதுவும் போகவில்லை. மீன் கிடையாது. மதியம் கருவாடு.

வேலைகள்: பின்கட்டு ஒழுகல். பி.பி. மாத்திரை. குடைக்கு ஒரு கம்பி.

பூசை முடிந்ததும் அறிவிப்பு. நாளை உலக எய்ட்ஸ் தினம், மாலை கோவில் மண்டபத்தில் விழிப்புணர்வுக் கூட்டம், தேநீரும் வடையும் உண்டு. எட்டாம் தேதி மாதா திருவிழா, மதியம் அசனம், ஊருக்கே பொதுச் சாப்பாடு. பிறகு கமிட்டி உறுப்பினர் பெயர்களை வாசித்தார்கள். இந்த வருடமும் என் பெயர் இல்லை. ஆயுசெல்லாம் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்சு ஓட்டியவன். கப்பலின் வயிற்றிலிருந்து கண்ணாடிப் பெட்டியைக் கீறல் விழாமல் தூக்கியவன். நாலு கிடாரம் (பெரிய அண்டாதான்) சோற்றை மேற்பார்வை பார்க்க எனக்குத் தகுதியில்லையாம். தலைவர் மரியதாஸ் பத்தாவது வரை போனவர். நான் பள்ளிக்கூடமே போகாமல் சரக்குப் பெட்டிகளின் எழுத்தைப் பார்த்துப் படித்தவன். பெட்டியில் எழுதியிருப்பதை யாரும் மதிப்பதில்லை.

அசனச் சமையல் வழக்கம்போல என் மைத்துனன் லாரன்ஸ். (இனி லா. முழுப் பெயருக்கு மை வீண்.) ரெஜினாவின் தம்பி. கப்பலில் சமையல்காரனாக இருந்தவன், கல்யாணம் ஆகவில்லை. அவனோடு எனக்குப் பேச்சு கிடையாது. பல வருடத்துக்கு முன்னால் அசனக் குழம்பில் உப்பு கூடுதல் என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். "அத்தானுக்கு நாக்குல விஞ்சு கிரீஸ் ஒட்டியிருக்கு" என்றான், அதே நாலு பேர் முன்னால். அன்றோடு சரி. அவன் கைச்சோறு தொடுவதில்லை. அசனத்தன்று ஊரே பந்தியில் உட்காரும்போது எனக்கு வீட்டில் கஞ்சி, துவையல்.

டிசம்பர் 1, திங்கள்

மழை விட்டுவிட்டு. கூட்டத்துக்குப் போனேன். வடைக்காக அல்ல, வடை சுட்டது லா.

வாசலில் கல்லூரிப் பெண்பிள்ளைகள் சட்டையில் சிவப்பு ரிப்பன் குத்திவிட்டார்கள். எனக்குக் குத்தியவள் ஊசியை நெஞ்சிலேயே இறக்கிவிட்டாள். ஒரு சொட்டு ரத்தம். "ஐயோ தாத்தா, ரத்தம்! யாரும் தொடாதீங்க!" என்று அலறினாள். விழிப்புணர்வு வாசலிலேயே தொடங்கிவிட்டது.

மேடையில் உலகப் படம் போட்ட பேனர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மா நன்றாகவே பேசினார். ரத்தம் வழியாக வரும். பாதுகாப்பில்லாத உறவு வழியாக வரும். தாயிடமிருந்து பிள்ளைக்கு வரலாம், அதைத் தடுக்க மருந்து உண்டு. தொட்டால் வராது, கொசு கடித்தால் வராது, ஒரே தம்ளரில் குடித்தால் வராது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் எல்லோரையும் போல வாழ்ந்து கிழவனாகலாம். உலகம் முழுக்க இன்றைக்கு இதைத்தான் சொல்கிறார்களாம். "உறவு" என்ற இடத்தில் முன்வரிசைப் பெண்கள் மொத்தமாக மின்விசிறியைப் பார்த்தார்கள்.

நான் மூன்று கேள்வி கேட்டேன். நாலாவதற்கு மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள்.

பிறகு மரியதாஸ் எழுந்தார்: "அப்படிப்பட்ட ஆளு சமைச்சா சாப்பிடலாமா, மேடம்?"

"தாராளமா."

"அது புஸ்தகத்துக்குச் சரி. நம்ம ஊருல எவன் திம்பான்?"

எல்லோரும் கையில் வடையோடு சிரித்தார்கள்.

பின்னால் லா. வடைத் தட்டோடு நின்றிருந்தான். தட்டை மேசையில் வைத்தான். "நீங்கதான் திங்கீய, தலைவரே. நான் எத்தனையோ வருசமா அந்த மாத்திரைதான் போடுதேன். வடை எப்படி இருக்கு?"

மரியதாஸ் வாயில் பாதி வடை. விழுங்கவும் முடியவில்லை, மேடம் முன்னால் துப்பவும் முடியவில்லை. அந்த அம்மா இறங்கி வந்து தட்டிலிருந்து ஒரு வடை எடுத்துத் தின்றார். வேறு ஒரு கை நீளவில்லை.

என் கையும்தான். கொள்கை.

டிசம்பர் 2, செவ்வாய்

வெயில். கூண்டு இறங்கவில்லை.

தேநீர்க் கடையில் திடீர் மரியாதை. பெஞ்சில் எழுந்து இடம் விட்டார்கள். கடைக்காரர் சூசை குனிந்து சொன்னார்: "அண்ணாச்சி வெவரமான ஆளு. நேத்து வடையத் தொடவே இல்லையே. முன்னாலயே தெரியும், என்ன?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாமயா இத்தனை வருசம் அசனம் சாப்பிடல? மச்சினன்கிட்டப் பேச்சும் கிடையாது?"

"அது உப்புக்காக வே!"

"ஆமா ஆமா. உப்பு." கண்ணடித்தார்.

சத்தியமாக உப்புக்காகத்தான். என் சண்டை யோக்கியமான சண்டை. காரணம் உண்டு. சாட்சி நாலு பேர் உண்டு (இருவர் செத்துப்போனார்கள், ஒருவர் துபாயில்). இப்போது நோய்க்குப் பயந்து ஒரு ஆளை ஒதுக்குகிற கூட்டத்தில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். சேர்த்ததோடு இல்லை, நான்தான் முன்னோடியாம்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். ரெஜினா மீன் சட்டியைத் தேய்த்துக்கொண்டே, "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

"எப்போ?"

"அவன் கப்பல விட்டு வந்தப்பவே. மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவேன்."

"சந்தைக்குன்னுல்லா சொல்லிட்டுப் போன?"

"சந்தைக்கும் போனேன்."

"ஏளா, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவன் பேர எடுக்கக் கூடாதுன்னு சொன்னது ஆரு? பேர எடுக்காம எப்படிச் சொல்ல?"

பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளையா இருக்கு? வருசத்துக்கு ஒருநா அந்தக் கிடாரம்தான். அதையும் பிடுங்கிருவாங்க, பாருங்க."

இரவு கருவாட்டிலும் உப்பு கூடுதல். சொல்லவில்லை.

டிசம்பர் 3, புதன்

தேநீர்க் கடைக்கு லா. வந்தான். பெஞ்சு காலியானது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவசர வேலை. எங்களுக்கெல்லாம் கண்ணாடித் தம்ளர். அவனுக்கு மட்டும் பேப்பர் கப், அதையும் சூசை தூரத்திலிருந்து நகர்த்தினார், கேரம் காய் மாதிரி.

"எனக்கும் அதே கப்பு" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி?"

"அவனுக்கு எதுக்கோ, அதுக்குத்தான்."

சூசை முழித்தார். கப்பை வாங்கிக்கொண்டு போய் லா. பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன். அவன் திரும்பிப் பார்த்து வாயைத் திறந்தான். நான் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் உட்காருவது வேறு, பேசுவது வேறு. ஊர் இரண்டையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

புரிந்துகொள்ளவில்லை. மாலையில் காதில் விழுந்தது: "அண்ணாச்சிக்கு மூளை கலங்கிட்டு."

டிசம்பர் 5, வெள்ளி

குடைக் கம்பி வாங்கவில்லை. ஒழுகல் அப்படியே.

மரியதாஸும் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். வாழைப்பழம், ஒரு டப்பா முந்திரி மக்ரூன். இந்த வீட்டுப் படியை அவர் மிதித்ததே இல்லை. விஷயம்: டவுனிலிருந்து சமையல் ஆள் ஏற்பாடு. லா.விடம் "இந்த வருசம் ஓய்வெடுத்துக்கோ" என்று யாராவது சொல்ல வேண்டும்.

"நான் அவன்கிட்டப் பேசுறதில்ல" என்றேன்.

"அதனாலதான் அண்ணாச்சி உங்ககிட்ட வந்தோம். உங்களுக்கு ஒரு சங்கடமும் கிடையாதுல்லா."

பிறகு சட்டைப் பையிலிருந்து எடுத்தார். கமிட்டி பேட்ஜ். மஞ்சள் குஞ்சம், நடுவில் மாதா படம், கீழே "அசன மேற்பார்வை". எத்தனை வருடமாக நான் கேட்ட பேட்ஜ்!

வேண்டாம் என்று எறிந்திருப்பேன் என்று நாளை யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாங்கிக்கொண்டேன். கண்ணாடி முன்னால் குத்திப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

ரெஜினா அடுப்படியிலிருந்து பார்த்தாள். மக்ரூன் டப்பாவை அப்படியே எடுத்துக் கோழிக்குப் போட்டாள். நல்ல மக்ரூன்.

டிசம்பர் 6, சனி

இரவெல்லாம் பேட்ஜ் யோசனை. காலையில் தெளிந்தது. மேற்பார்வை என்றால் சமையல்காரனை நியமிப்பதும் மேற்பார்வைதானே?

குத்திக்கொண்டு மரியதாஸ் வீட்டுக்குப் போனேன். "டவுன் ஆள் வேண்டாம்னு சொல்லியாச்சு. லாரன்ஸ்தான் சமைப்பான்."

"அண்ணாச்சி! எவன் திம்பான்?"

"நான் திம்பேன்."

"நீங்களா? நீங்கதான் திங்கவே மாட்டீயளே!"

"அதான் சொல்லுதேன். நானே திம்பேன்."

பங்குச் சாமியாரிடம் போனார். சாமியார் நல்லவர், இரண்டு பக்கமும் தலையாட்டுவார். நானும் பின்னாலேயே போனதால் கடைசியில் என் பக்கம் ஆட்டிவிட்டார்.

மாலை ரெஜினாவோடு லா. வீட்டுக்கு. ஒரே அறை. நான் கதவோரம், அவன் கட்டிலில், நடுவில் ரெஜினா.

"ஏளா, அவன்கிட்டக் கேளு, எத்தனை கிடாரம்னு."

"அக்கா, சொல்லு அத்தான்கிட்ட, ஒருத்தனும் வர மாட்டான்னு. ஆக்குனத கடல்ல கொட்டவா?"

"நான் வருவேன்னு சொல்லு."

"உப்பு கூடிட்டுன்னா எந்திரிச்சுப் போயிருவாவளான்னு கேளு."

"கூடிட்டுன்னா சொல்லத்தான் செய்வேன்னு சொல்லு!"

"ரெண்டு பேருக்கும் காது இல்லையா?" என்று ரெஜினா வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அவன் இளைக்கவில்லை, முடி மட்டும் நரைத்துவிட்டது. எப்போது நரைத்தது?

"நாலு கிடாரம்" என்றான், சுவரிடம். "சரி" என்றேன், நானும் சுவரிடம்.

டிசம்பர் 8, திங்கள். திருவிழா

வெயில். கூண்டு இறக்கியாச்சு.

பூசைக்கு நல்ல கூட்டம். அசனப் பந்தலில் கூட்டம் இல்லை. பந்தலைச் சுற்றி இருந்தது, உள்ளே இல்லை. எல்லோரும் வேடிக்கை பார்க்கத் தோதாக நின்றார்கள். எவர் கையிலும் தூக்குவாளி இல்லை. வேறு வருடமென்றால் ஆளுக்கு இரண்டு. பந்தியில் உட்காருவது மரியாதைக்கு. வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கிப் போவதுதான் நம்பிக்கை.

கிடாரத்தின் பின்னால் லா. கரண்டியோடு நின்றான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சாமியார் ஜெபம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சாமியார் சாப்பிட்டால் அது புண்ணியம் என்பார்கள். நான் சாப்பிட்டால்தான் செய்தி. பேட்ஜோடு போய் நட்டநடுவில் உட்கார்ந்தேன். ரெஜினா பக்கத்தில். மூன்று இலை. நீளப் பந்தல்.

பரிமாற எவரும் வரவில்லை. லா.வே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். சோறு. ஆட்டுக்கறி, கத்தரிக்காய், வாழைக்காய் போட்ட குழம்பு. ஊரே என் வாயைப் பார்த்தது.

முதல் கவளம். உப்பு குறைச்சல்.

எனக்குப் பிடித்த அளவுக்குக் குறைத்திருக்கிறான். ஊருக்கே ஆக்குகிற குழம்பில் ஒரு நாக்குக்காக. மடையன். கண்ணில் நீர் வந்தது. மிளகாய்.

இலையை வழித்துத் தின்றேன். அவன் நகரப் போனான்.

"ஏலே லாரன்ஸ்! இன்னும் ஊத்து. வாளிய வச்சுக்கிட்டு எங்க போற?"

சத்தமாகச் சொல்லிவிட்டேன். பந்தலுக்கு வெளியே வரைக்கும் கேட்டிருக்கும். ஊற்றினான். என் வேட்டியிலும் ஊற்றினான்.

முதலில் வந்து உட்கார்ந்தது சூசையின் தாயார். "இந்தக் கிழவன் சாவலன்னா நானும் சாவ மாட்டேன், போடுலே." பிறகு சூசை. பிறகு நாலு பேர். பிறகு எண்ணவில்லை. யாரோ கத்தினார்கள்: "உப்பு பத்தல!" அடுத்த வரிசையிலும்: "லாரன்சு, உப்பு எங்க?" எல்லோரும் உப்பைப் பற்றித்தான் பேசினார்கள். வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

சூசையின் தாயார் கை கழுவாமலே மருமகளைப் பார்த்துக் கத்தினாள்: "வீட்டுக்கு ஓடி தூக்குவாளி எடுத்துட்டு வா, தீந்துரப் போவுது!" அதற்குப் பிறகு தெருவெல்லாம் பாத்திரச் சத்தம்.

டிசம்பர் 9, செவ்வாய்

லேசான காய்ச்சல். இரண்டு தரம் சாப்பிட்ட வினை.

காலையில் மரியதாஸ் வாசலில் நின்று சத்தம். அவர் வீட்டுத் தூக்குவாளி பின்வாசல் வழியாகக் கடைசியில் வந்ததாம், கிடாரத்தில் எலும்புதான் மிச்சமாம். "என்ன மேற்பார்வை பாத்தீய? தலைவர் வீட்டுக்கே கறி இல்ல!" பேட்ஜைத் திருப்பிக் கேட்டார். கொடுக்கவில்லை.

மாலை லா. வந்தான். நேராக, நடுவில் ரெஜினா இல்லாமல். உட்காரும் முன்னாலேயே தொடங்கிவிட்டான். நான் முதல் பந்திக்கே கரண்டி கரண்டியாகக் கறி விடச் சொன்னதால்தான் பற்றவில்லையாம். நான் சொன்னேன், ஐந்து கிடாரம் ஏற்றியிருக்க வேண்டும். நாலு என்று ஒத்துக்கொண்டது யார் என்றான். சுவரிடம் ஒத்துக்கொண்டேன், உன்னிடம் அல்ல என்றேன். "உங்களுக்காக உப்பக் குறைச்சேன், ஊரே என்ன ஏசுது!" நான் கேட்டேனா என்றேன்.

ரெஜினா ஜன்னலைச் சாத்தினாள். "பேசாம இருந்தப்ப எவ்வளவு நிம்மதி."

பேச்சின் நடுவில் கடிகாரத்தைப் பார்த்தான். பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தான். கையில் ஒன்றை வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். என் தம்ளரில் தண்ணீர் பாதி இருந்தது, கொடுத்தேன். போட்டுக் குடித்தான். தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அஞ்சு கிடாரம்னா விறகுக்கு எங்க போறது?" என்றான்.