பெத்லகேமில் ஒரு தேயிலை மலை

அப்பாயி,

உன் திரையைக் கொல்லைக் கொடியில் காயப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு தடவை உதறியாயிற்று, இன்னும் சாம்பார் மணக்கிறது. விறகுப் புகை வேறு. நீ தீட்டிய மலைமுகட்டில் யாரோ மஞ்சள் கையைத் துடைத்திருக்கிறார்கள். எனக்கு இருக்கிற ஆத்திரத்தில் வேறு யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. உன் மேலும் கோபம்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நேற்று நம் வேதக்கோயில் திருவிழா அசனம். ஊரே சாப்பிட வந்திருந்தது. தண்ணீர் எடுக்கச் சமையல் கொட்டகைப் பக்கம் போனேன். அடுப்புக்குக் காற்று மறைப்பாக ஒரு பழைய துணியைக் கட்டியிருந்தார்கள். அதில் தேயிலை மலை தெரிந்தது. மலைக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் தகரக் கூரை லயத்து வீடுகள். நம் ஜில்லாவில் அதை வேறு யார் வரைந்திருக்க முடியும்?

இலங்கையில் நீ பிறந்த மலையிலேயே உன்னைப் பார்த்து 'உன் நாட்டுக்குப் போ' என்றார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மூன்று வயது அப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாய். கொழுந்து பறித்த கையில் இங்கே ரப்பர் மரத்துப் பால்வெட்டுக் கத்தியைக் கொடுத்தார்கள். நாற்பது வருடம் கழித்தும் ஊருக்கு நீ 'சிலோன்காரி'தான். நவம்பர் பிறந்தால் மட்டும் சிலோன்காரியைத் தேடி வருவார்கள். கிறிஸ்மஸ் குடிலுக்குப் பின்னால் கட்டும் திரையை வரைய வேறு ஆள் கிடையாது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது எஸ்டேட் முதலாளி புதுக் காடாத் துணி வாங்கிக் கொடுத்தார். வண்ணப் பொடி வாங்க என்னையும் மார்த்தாண்டம் சந்தைக்குக் கூட்டிப்போனாய். நீலத்தில் மட்டும் நாலு தினுசு கேட்டுக் கடைக்காரரைச் சலிக்க வைத்தாய். காலையில் பால்வெட்டு முடித்துவிட்டு, மத்தியானம் முழுக்க அந்தத் துணியின் மேல் முழங்காலில் கிடந்தாய். பெத்லகேம் தேயிலை மலையாயிற்று. மாட்டுத் தொழுவம் லயத்து அறையாயிற்று. இடையர்களோடு, முதுகில் கூடையும் இடுப்பில் சாக்குமாக ஏழு பெண்கள் நின்றார்கள். குடில் கட்ட வந்த வாலிபர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பெத்லகேம்ல ஏது பாட்டி தேயில?"

"ஆடு மேய்க்கிறவுகளுக்கு யேசு பொறந்த மொதச் சேதி சொன்னாகன்னா, கொழுந்து பறிக்கிறவுகளுக்கும் சொல்லியிருப்பாகதானே?" என்றாய். சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு முதலாளி பார்க்க வந்தார். "படம் கொள்ளாம், நல்லாருக்கு. கீழ நம்ம பேர மட்டும் கொஞ்சம் பெருசா போட்டுரு" என்றார். 'அன்பளிப்பு' என்று ஆரம்பித்து, அவர் பெயரையும் அவர் வீட்டுப் பெயரையும் முழங்கால் உயரத்துக்கு நீயே எழுதினாய். அதற்கு இரண்டு நாள். எழுத்துக்குத் தங்க நிறத்தில் நிழல் வேறு கொடுத்தாய். ஏன் அப்பாயி நிழல் கொடுத்தாய்?

"ஒனக்க பேரு எங்க?" என்று கேட்டேன். மறுவாரம் நீ என்னைத் திருவட்டாறு பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனாய். வேதக்காரியான நீ அந்தக் கல்தூண் சிற்பங்களின் முன்னால் கழுத்து வலிக்க நின்றாய். நமக்கான பஸ் போயே போய்விட்டது. "செஞ்சவன் பேரு எங்கயாச்சும் இருக்கா புள்ள? அவன் கை இருக்குல்ல, அது போதும்."

அன்று நானும் தலையாட்டிவிட்டேன். இன்று பதில் தெரியும். கோயிலுக்குக் கொடுத்தவர்களின் பெயரெல்லாம் கல்வெட்டில் இருக்கிறது. செதுக்கியவன் பெயர்தான் இல்லை. போதும் என்று அவன் சொன்னானா? அவனிடம் யாராவது கேட்டார்களா? நீயாகவே விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்கு அழகாக ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாய். உன் மேல் எனக்குக் கோபம் அதற்குத்தான்.

நேற்று திரையை அவிழ்த்தபோது அடிப்பக்கம் நேராகக் கத்தரித்திருந்தது. கோயில் கமிட்டிச் செயலாளரிடம் கேட்டேன். அவருக்கு அதில் பெருமை வேறு.

"முதலாளிக்க மவன் துபாய்ல இருந்து வந்தாரு மக்கா. அவருக்க அப்பாக்க பேரு உள்ள பாகத்த மட்டும் கேட்டாரு, வெட்டிக் குடுத்தாச்சு. கண்ணாடி போட்டு வீட்டுல மாட்டியிருக்காரு. நல்ல எழுத்துல்லா!"

"மிச்சம்?"

"இப்பம் எல்லாம் பிளெக்ஸ்தானே. இது சும்மா கெடந்துது."

நல்ல எழுத்தாம். யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாதா? உன் குழியில் மண் போட்டவர்களில் அவரும் ஒருவர். நான் போட்ட சத்தத்தில் பந்தி பாதியில் நின்றது. "காத்தடிக்கி, துணியக் கெட்டுங்க" என்று சமையல்காரர் பின்னால் கத்தினார். நான் காதில் வாங்கவில்லை. திரையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

காலையில் செயலாளர் போன் செய்தார். நேற்றைய ரகளையில் புது ஃபாதர் திரையைப் பார்த்துவிட்டாராம். இந்தக் கிறிஸ்மஸுக்கு அதுதான் வேண்டும் என்கிறாராம். "கோயிலுக்க சொத்தாக்கும் அது. கொண்டு தந்துரு மக்கா."

தருகிறேன், ஆனால் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன் என்றேன். அடியில்தான் இடமே இல்லையே, அதனால் நேற்று சாயங்காலமே வானத்தில் எழுதிவிட்டேன். நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், 'வரைந்தவர்' என்று போட்டு உன் முழுப் பெயர். என் எழுத்து கோணல்தான், உன்னுடையது போல வராது. பெயரோடு கட்டுவதானால் கட்டுங்கள், இல்லையென்றால் திரை கிடையாது என்று சொல்லிவிட்டேன். "கமிட்டியில கேக்கணுமே" என்று இழுத்தார். கேட்கட்டும்.

நீ இருந்திருந்தால் "சாமி காரியம், குடுத்துரு புள்ள" என்பாய். பெயரைத் துடைத்துவிட்டுக் கொடுக்கவும் சொல்வாய், உன்னை எனக்குத் தெரியாதா? நிறம் கலக்க உன்னிடம்தான் கற்றேன். நல்லதைக் கண்டால் பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கவும் உன்னிடம்தான் கற்றேன். விட்டுக்கொடுப்பதை மட்டும் நான் கற்றுக்கொள்ளவில்லை. உன் பெயரை எழுதியது அழியாத பெயிண்டில், அப்பாயி. கடைக்காரரிடம் இரண்டு தடவை கேட்டுத்தான் வாங்கினேன்.