கருங்கல் மதிலைத் துளைத்தவன்

அண்ணாச்சி,

பொன்முடிச் சாலையை அகலப்படுத்த காலையிலிருந்து பாறை உடைக்கிறார்கள். வெடிமருந்துப் புகை விதுரா சந்தை வரைக்கும் நாறுகிறது. கஞ்சி இறங்கவில்லை எனக்கு. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

சர்வே துரையோடு அளவுச் சங்கிலி பிடித்து மலையெல்லாம் அலைந்தவர் நீங்கள். நம் இரண்டு வாழை விளைகளுக்கும் நடுவே ஓடும் கரும்பாறையை ஒருநாள் காலால் தட்டிக் காட்டினீர்கள்.

"இது ஒரு காலத்துல நெருப்புக் குழம்பா பூமி வெடிப்புல ஏறி வந்து உறைஞ்சதுவே. மண்ணுக்குள்ள மதில் மாதிரி நிக்கி. மலையில இருந்து கீறல் வழியா இறங்குற வெள்ளம் இதுல முட்டி எம் பக்கமே தேங்குது."

மேட்டில் இருந்த உங்கள் கிணறு அதனால்தான் கோடையிலும் நிறைந்திருந்தது. பள்ளத்திலிருந்த என் கிணறு மாசியிலேயே வற்றிவிடும். எனக்கு வயிறு எரியும், உண்மையைச் சொல்வதற்கென்ன!

நீங்கள் திருவனந்தபுரம் ஆபீசுக்குப் போயிருந்த வாரம், வெடிக்காரனை அழைத்து என் கிணற்றுக்குள்ளிருந்து அந்த மதிலைத் துளைத்தேன். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. ஐயோ, எப்படிக் குதித்தேன் தெரியுமா! நாலாம் நாள் உங்கள் வீட்டு வாளி சேற்றில் இடித்தது.

திரும்பி வந்து இரண்டு கிணறுகளையும் எட்டிப் பார்த்தீர்கள்.

"என்னவே, இப்படி ஆயிப்போச்சு?"

"மழை இல்லைல்லா அண்ணாச்சி" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

"அப்படியும் இருக்கும்வே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

வேதக்காரன், கிறிஸ்தவன் என்று என் வீட்டுக் கிணற்றில் உங்கள் வீட்டார் இறைக்கமாட்டார்கள். உங்கள் மனைவி, நான் மயினி என்று கூப்பிடுகிறவர்கள், குடத்தோடு ஆற்றுக்கு நடந்தார்கள், தினமும் என் வாசல் வழியாக. துளையை அடைத்துவிடலாம் என்று நினைப்பேன். என் வாழைகளைப் பார்ப்பேன். விட்டுவிடுவேன். அப்படியே இரண்டு கோடை போயிற்று. மூன்றாவது கோடைக்கு நீங்கள் இல்லை.

இன்று அந்தப் புகை நாற்றம் தாங்காமல் மயினியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர்கள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கே அவியளுக்குத் தெரியும்லா. நான் போயிக் கேட்டா அவன் மூஞ்சி செத்துப்போவும், அவனே வந்து சொல்லட்டும்னாவ. படுக்கையில கெடக்கும்போதும், வாசல்ல ஆளரவம் கேட்டா, வந்துட்டானான்னு கேப்பாவ."

மயினியிடம் சொல்லியும் பாரம் இறங்கவில்லை, அண்ணாச்சி. நான் வந்தேன். இரண்டு தடவை உங்கள் கட்டிலருகே உட்கார்ந்து வாயைத் திறந்தேன். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்தேன்.