பக்கத்து வீட்டில் பொங்கிய பால்

அன்புள்ள கீர்த்தி அக்காவுக்கு,

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கடந்த வியாழக்கிழமை காலை நாலு ஐம்பதுக்கு, புத்தம்புது டைல்ஸ் போட்ட ஹாலின் நட்டநடுவில், மாடு சாணி போட்டது. மற்றபடி இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம், ஜெர்மனியில் நீ சௌக்கியமா, ஈரத் தலையோடு குளிரில் வெளியே போகிறாயா என்று அம்மா கேட்கிறாள். நைனா சொல்லச் சொல்ல எழுதுவது உன் தம்பி யஸ்வந்த். அவர் படித்தது தெலுங்கு மீடியம், ஆனால் மகளுக்குக் கடிதம் தமிழில்தான் போகவேண்டும் என்பது அம்மா சட்டம், அதனால் பேனா என் கைக்கு வந்தது. எழுதியதும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்ப வேண்டுமாம்.

நாகலாபுரம் தாண்டி நாம் பார்த்த வெஞ்சர் லேஅவுட்டில் வீடு தயார். பெயர் வில்லா, வில்லும் இல்லை அம்பும் இல்லை, காம்பவுண்டு கேட்கூட இன்னும் இல்லை. பன்னிரண்டு வீடும் ஒரே அச்சு, ஒரே மஞ்சள், கதவில் நம்பர்கூடப் போடவில்லை. ரிஜிஸ்ட்ரேஷன் வரும் வெள்ளிக்கிழமைதான், ஆனாலும் ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சியே ஆகவேண்டும் என்று அம்மா நின்றாள். மேஸ்திரி ரமணா முந்தின நாள் மாலையே நம் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிவிட்டார். விடிகாலையில் தோரணம் தொங்கிய வீட்டை, எல்லா வீட்டுச் சாவிக்கொத்தோடும் வந்த அவரே திறந்தார். மாட்டின் கயிறு என் கையில். பெரிய பெரிய ஆட்களிடமே முரண்டு பிடிக்கிற மாடு, என்னைப் பார்த்ததும் கல்யாணப்பெண் மாதிரி வலது கால் வைத்து உள்ளே வந்தது. இந்த மண்டலத்திலேயே மாட்டின் மனசு தெரிந்தவன் நான் ஒருவன்தான், எழுதி வைத்துக்கொள். சாணி போட்டதும் அம்மா அழுதுவிட்டாள். பாலும் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது.

எட்டு மணிக்கு பக்கத்து வீட்டை வாங்கியிருக்கிற கேசவன் என்பவரும் அவர் மனைவி நந்திதாவும் திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்தார்கள். எங்க வூட்ல இன்னா பண்ணிக்கினு கீறீங்க என்று அவர் கேட்க, நைனா நிதானமாக, மொதல்ல பொங்கல் துன்னுங்க சார், அப்பால பேசலாம் என்றார். தோரணம் தொங்கியது அவர்கள் வாசலில்! சரி, வீட்டையே மாற்றிக்கொள்ளலாமா என்று அம்மா கேட்டாள். நந்திதா சாணியைத் துடைக்கக்கூட விடவில்லை, மாடு தானா வந்து குடுத்த லட்சுமிங்க, எப்டி வுட்டுக் குடுப்போம் என்றார். பொங்கினது யார் வூட்டு பாலு என்று அம்மா திருப்பிக் கேட்டாள். பெருமாளே மாட்ட ஓட்டிக்கினு வந்து காட்டின வூடு அது, அது இல்லன்னா எனக்கு எதுவும் வாணாம் என்று அம்மா இப்போது ஒரே பிடிவாதம். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாவிட்டால் நம் வீடு வேறு பார்ட்டிக்குப் போய்விடும் என்கிறது வெஞ்சர் ஆபீஸ். திருப்பதியில் ஆறு வாடகை வீடு மாறிய நைனா, ஓர் ஆணி அடிக்கக்கூட யாரையும் கேட்கவேண்டாத சுவர் வேண்டும் என்று இத்தனை வருஷம் காத்திருந்தவர், மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நீ சொன்னால்தான் அம்மா கேட்பாள், உடனே போன் போடு என்கிறார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வை, நல்லா இரு கண்ணு என்று நைனாவும் அம்மாவும் ஆசீர்வாதம் சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் நைனா
திருமலை

அக்கா, நைனா தெலுங்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்குப் போய்விட்டார். இனி எழுதுவது நான் மட்டும். திலீப் மாமா எங்கேயும் முதல் ஆளாக வந்து நிற்பார் இல்லையா, அவரைத் தப்பு வாசலில் காக்க வைக்கலாம் என்று முந்தின நாள் சாயங்காலம் தோரணத்தைப் பக்கத்து வீட்டுக்கு மாற்றிக் கட்டியது நான்தான். மாமா வரவில்லை, தோரணத்தைத் திருப்பிக் கட்டாமலே நான் தூங்கிவிட்டேன், விடிகாலை இருட்டில் எது நம் வீடென்று எனக்கே தெரியவில்லை. மாடும் என்னைப் பார்த்து வரவில்லை, என் பாக்கெட்டில் இருந்த வாழைப்பழத்தைப் பார்த்து வந்தது. பெருமாள் காட்டிய வீடு இல்லை என்று தெரிந்தால் அம்மா இறங்கி வருவாள். நீயே சொல்லிவிடு. சொல்வதற்கு அரைமணி முன்னால் எனக்கு ஒரு மிஸ்டு கால் மட்டும் கொடு.