சட்டைப் பையில் ரப்பர் பேண்ட்

மார்ச் 4, செவ்வாய்

சாப்பாடு எடுத்து வைத்து, மேஜையைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தேன். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "எனக்குப் பசியில்லை, நீ சாப்பிடு" என்றார். போன செவ்வாயும் பசியில்லை. வியாழனும் பசியில்லை. மற்ற நாட்களில் இரண்டு வாய் கொறித்துவிட்டு எழுந்துவிடுகிறார்.

விடுதியில் ஒரு பெண் "பசியில்லை மேடம்" என்றால் நான் முதலில் பார்ப்பது அவள் அறைக் குப்பைக்கூடையைத்தான். வார்டன் வேலையை வீட்டிலும் பார்க்க வைத்துவிடுவார் போலிருக்கிறது இந்த மனுஷன்.

மார்ச் 6, வியாழன்

குளியலறையில் தண்ணீர் சத்தம். எட்டிப் பார்த்தால் இவர் சட்டை துவைக்கிறார். இவர்! சோப்பு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காமல் கை கழுவத் தெரியாதவர்!

மார்பில் ஆரஞ்சு நிறத்தில் பெரிய கறை. "என்னது இது?" என்றேன். "லேப்ல ஏதோ தெறிச்சுடுச்சு" என்றார்.

இவர் வேலை ரத்தம் எடுப்பது. ஊசி குத்தியதே தெரியாது என்று ஊரே சொல்லும், குழந்தைகள்கூட "முடிஞ்சுதா மாமா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கும். அந்த இடத்தில் தெறிப்பதற்கு ஒரே ஒரு நிறம்தான் உண்டு. அது ஆரஞ்சு இல்லை. முகர்ந்தும் பார்த்தேன் - மிளகாய், பூண்டு, நல்லெண்ணெய், கூடவே வினிகர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்.

போன வாரம் மேஜையில் குழம்பைச் சிந்தியபோது, "சின்னப் பிள்ளையா நீங்க?" என்று துணியோடு போய் நின்றேன். அந்தக் கோபத்தில் வெளியே சாப்பிடுகிறாரா? அதற்கெல்லாம் ரோஷப்படுகிற ஆளில்லையே.

மார்ச் 7, வெள்ளி

துவைக்கப் போடும்போது பேண்ட் பையில் ஒரு காகித உறை. நூடுல்ஸ் சாப்பிடக் குச்சி வைத்துத் தருவார்களே, அந்த உறை. ஆவி பறக்கிற கிண்ணம் ஒன்று சிவப்பில் அச்சடித்திருந்தது. சட்டைப் பையில் இரண்டு ரப்பர் பேண்ட். உறை புரிகிறது. ரப்பர் பேண்ட் எதற்கு?

உறையை விடுதிக்கு எடுத்துப் போய் மாடியறை வாயாடியிடம் காட்டினேன். பார்த்ததும் கண் விரிந்தது அவளுக்கு.

"மேடம், பஸ் ஸ்டாண்ட் பின்னாடி இருக்கிற நூடுல்ஸ் கடை! மாவுக்குள்ள கறி வெச்சு ஆவியில வேக வெச்சுத் தருவாங்க, டம்ப்ளிங், செமையா இருக்கும். ஜோடியா போனா மூலை டேபிள் தருவாங்க."

ஜோடியா போனா! இவளுக்கு எப்படித் தெரியும் என்று தனியாக விசாரிக்க வேண்டும். அது பிறகு.

சமையல்கார அக்காவிடமும் வாயை விட்டேன். "நெருப்பில்லாம புகையுமா மேடம்?" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஏன்தான் சொன்னேனோ.

மார்ச் 11, செவ்வாய்

லேபுக்குப் போன் செய்தேன், ரத்தம் கொடுக்க வருகிறவள் போல. "அவர்தான் எடுக்கணும், அவர் இருக்காரா?" என்றேன்.

"அவர் இப்போ ஊசி எடுக்கிறதில்லையே மேடம். ஒரு மாசமா ரிப்போர்ட் கவுண்டர்ல இருக்கார். அவரேதான் கேட்டு மாத்திக்கிட்டார்."

ஒரு மாதம்! என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கவுண்டரில்தான் புதிதாகச் சேர்ந்த கண்ணாடிக்காரி உட்கார்ந்திருக்கிறாள். ஊசியை உயிராக நினைத்த மனுஷன், காகிதம் எடுத்துக் கொடுக்கிற வேலையைக் கேட்டு வாங்குவாரா? காரணம் இல்லாமலா?

இன்றைக்கும் பசியில்லை. எனக்கும்தான்.

மார்ச் 12, புதன்

அவளுடைய கண்ணாடி நன்றாகத்தான் இருக்குமாம். நான் கேட்டேன், அவர் சொன்னார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தேர்ந்த கள்ளன்.

மார்ச் 13, வியாழன்

நூடுல்ஸ் கடைக்கே போய்விட்டேன். எதிர்க்கடை வாசலில் குடை பார்ப்பவள் போல நின்றேன். அந்தக் கடைக்காரர், "எடுக்கிறீங்களா, இல்ல விரிச்சு விரிச்சுப் பார்க்கிறீங்களா?" என்று கேட்டே விட்டார்.

நூடுல்ஸ் கடைக் கண்ணாடி முழுக்க ஆவி. உள்ளே ஒருவன் மாவை நீளமாக இழுத்துப் பலகையில் அடிக்கிறான். அந்தச் சத்தம் தெருவரை கேட்கிறது. மூலை டேபிளில் இவர். எதிர் நாற்காலி காலி. சரி, கண்ணாடிக்காரி இன்னும் வரவில்லை என்று நினைத்தேன்.

அவள் வரவில்லை. கடைக்காரி வந்தாள். என் வயதுதான் இருக்கும், தலையில் வெள்ளைத் துணி. டேபிளில் மூங்கில் கூடையை வைத்தாள். வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்தாள். என் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு விரலாக மடக்கிப் பிடித்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமாம்!

உள்ளே போயிருக்க வேண்டாமா நான்? நூறு பெண்களை அதட்டுகிறவள், வேண்டாத குடை ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டேனே, அதுக்கு இதுவா? அழுகை வருது. வரட்டும். யாரு பாக்கப் போறா.

மார்ச் 14, வெள்ளி

"செவ்வாய்க்கிழமை வெளியில சாப்பிடலாமாங்க? நூடுல்ஸ் மாதிரி ஏதாவது" என்றேன்.

பேப்பரை இறக்கவில்லை. "உனக்கு அதெல்லாம் பிடிக்காதே."

"எனக்கு எது பிடிக்கும்னு இனிமே நீங்க சொல்லுங்க."

பேப்பர் லேசாக ஆடியது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தான் செய்யும்.

மார்ச் 18, செவ்வாய்

கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு நேராக மூலை டேபிளுக்குப் போய், எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். "பசியில்லைன்னீங்களே?"

அவர் கையில் இரண்டு குச்சிகள். மேல்முனையில் இரண்டுக்கும் நடுவே காகிதத்தைச் சுருட்டிச் செருகி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. நடுவில் ஒரு டம்ப்ளிங். அது ஆடியது. என்னைக் கண்ட அதிர்ச்சியோ என்று பார்த்தேன். நிற்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு மிளகாய் எண்ணெயில் விழுந்து சட்டையில் தெறித்தது. அதே இடம், அதே ஆரஞ்சு.

அதற்குள் கடைக்காரி ஓடி வந்தாள். "வீட்டம்மாவா? வாங்க வாங்க. சாருக்குக் குச்சி பிடிக்கவே வரலைம்மா. குழந்தைங்களுக்குக் கட்டித் தர்ற மாதிரி கட்டிக் கொடுத்துப் பார்க்கிறேன், விரலை மடக்கிக்கூடச் சொல்லித் தந்துட்டேன். ஸ்பூன் குடுத்தா வேணாங்கிறாரு. பிடிவாதக்காரர்!" என்று சிரித்துவிட்டு எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவரப் போனாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கையை எனக்குத் தெரியாதா?

"எப்போலேர்ந்து?" என்றேன்.

"ரெண்டு மாசமா. வலது கை மட்டும்தான்." கையை மேஜைக்கடியில் இறக்கிக்கொண்டார். "போன மாசம் ஒரு குழந்தைக்கு ஊசியை எடுத்தேன். முனை ஆடுச்சு. குத்தலை, கீழ வெச்சுட்டேன். அன்னிக்கே கவுண்டருக்கு மாத்திக்கிட்டேன்."

"என்கிட்ட சொல்ல என்ன?"

"நீ துணியோட நிப்பே." சிரிக்கப் பார்த்தார். "இங்க பாரு, எல்லாருக்கும் சிந்துது. எல்லாரும் குனிஞ்சு உறிஞ்சுறாங்க, கிண்ணத்தைத் தூக்கிக் குடிக்கிறாங்க. யாரும் என்னைப் பார்க்கிறதில்லை." பிறகு, "ஒரு கூடை டம்ப்ளிங்கையும் கீழ போடாம தின்னுட்டேன்னா மறுபடி ஊசி பிடிக்கலாம்னு ஒரு கணக்கு வெச்சிருந்தேன்" என்றார்.

படித்த மனுஷன். ரத்தம் எடுக்கிறவர். டாக்டர்களுக்கு நடுவில் நாள் முழுக்க இருந்துகொண்டு, டம்ப்ளிங்கை வைத்துத் தனக்குத் தானே பரிசோதனை செய்திருக்கிறார். கோபம் வந்தது. கடைக்குள் வைத்துத் திட்டிவிட்டேன். திட்டும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. பக்கத்து டேபிள்காரர், மிளகாய் எண்ணெய் அதிகமாகிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் ஜாடியைத் தள்ளி வைத்தார்.

என் கிண்ணம் வந்தது. குச்சியில் ஒரு இழைகூட நிற்கவில்லை. அவர் பையில் கைவிட்டு ஒரு ரப்பர் பேண்டை எடுத்து என் பக்கம் வைத்தார்.

மார்ச் 21, வெள்ளி

நரம்பு டாக்டர் நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார். நடுக்கம் மாத்திரையில் அடங்குமாம், முழுசாகப் போகாதாம். மறுபடி ஊசி பிடிப்பதைப் பற்றி இவர் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

குடைக்கு என்ன அவசியம் என்று கேட்டார். மழைக்கு என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நாத்தனார் சாப்பிட வந்திருந்தாள். தட்டுகளை மேலே ஏற்றிவிட்டேன். ஆளுக்கொரு ஆழமான கிண்ணம் வாங்கியிருக்கிறேன். நூடுல்ஸ் நானே செய்தது, குழைந்துவிட்டது.

அண்ணன் குனிந்து உறிஞ்சியதும் அவள் முகம் போன போக்கு! கிண்ணத்தைத் தூக்கினார். அது ஆடி, விளிம்பு வழியாகக் கொஞ்சம் மேஜையில் கொட்டியது. "என்னண்ணா இது, சின்னப் பிள்ளை மாதிரி? அண்ணி, நீங்க ஒண்ணும் சொல்றதில்லையா?" என்றாள்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைக்கப் போனார்.

நான் என் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, விடுதியில் எந்தப் பெண் செய்தாலும் எழுந்து வெளியே போகச் சொல்லியிருப்பேன், அத்தனை சத்தமாக உறிஞ்சினேன். மோவாயில் வழிந்தது. "இந்த வீட்டுல இப்படித்தான்" என்றேன்.

அவர் மிச்சத்தையும் குடித்தார். "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டார்.

நாத்தனார் போய் வெகு நேரமாகிறது. இந்த மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சிந்திய எண்ணெயை இன்னும் துடைக்கவில்லை.