இணையவழி மாநாட்டில் நான் எழுந்து நின்றது குறித்து

அனுப்புநர்:
தலைவி,
கால்வாய்க் கீழ்க்கரைக் குடியிருப்போர் சங்கம்,
பச்சைக் கதவு வீடு, கீழ்க்கரைத் தெரு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
சுற்றுச்சூழல் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: ஆண்டு சுற்றுச்சூழல் அறிவியல் மாநாட்டின் நிறைவு அமர்வு – கால்வாய் குறித்த தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாகப் பதியப்பட்டது – என் எதிர்ப்பைச் சேர்த்துக் குறிப்பைத் திருத்தவும், தீர்மானத்தை ஒத்திவைக்கவும் கோருதல்.

பார்வை: மாநாட்டு நடைமுறை விதிகள், ஒன்பதாம் விதி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நிறைவு அமர்வின் நடுவில் நான் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டதாக ஒரு பேச்சு இருக்கிறது. தங்கள் மாநாட்டுச் செயலாளர் அனுப்பிய கூட்டக் குறிப்பிலும், "குடியிருப்போர் பிரதிநிதி அமர்வின் இடையில் வெளியேறினார்" என்று இருக்கிறது. மாத்திரை வாங்கப் போன என்னிடம் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர், "என்ன பெரியம்மா, கம்ப்யூட்டர்கிட்டயே கோவிச்சுக்கிட்டீங்களாமே" என்று கேட்டார். இடைவெளி விட்டு வரிசையில் நின்றவர்கள் முகக்கவசத்துக்குள் சிரித்தார்கள். ஆகவே முதலில் இதைத் திருத்திவிடுகிறேன். நான் எழுந்தேன் என்பது உண்மை. போனேன் என்பது பொய். எழுந்து, அந்த இடத்திலேயே நின்றேன்.

2. மாநாட்டை இணையத்துக்கு மாற்றியதை நான் எதிர்க்கிறேன் என்றும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அதுவும் சரியல்ல. தொற்று பரவியிருந்த நேரத்தில் முந்நூறு பேரை ஒரே மண்டபத்தில் அடைப்பது புத்தியுள்ள காரியம் அல்ல. மாற்றியது முறையான முடிவு. சொல்லப்போனால், மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாதியைக் காதால் கேட்டு, மீதியை ஊகித்துக்கொண்டிருந்த எனக்கு, இந்த ஆண்டுதான் எல்லாக் கட்டுரைகளும் முழுசாகக் கேட்டன. கணினி தெரியாத கிழவி என்று என்னைத் தள்ளிவிடவும் வேண்டாம். மின்கட்டணமும் வீட்டு வரியும் நானேதான் கணினியில் கட்டுகிறேன். சமயத்தில் என் மகனுடையதையும்.

3. மாநாட்டில் எங்கள் சங்கத்துக்கு ஓர் இருக்கை உண்டு. அது என் கணவர் மறைந்த பிறகு எனக்கு இரக்கப்பட்டுக் கொடுத்தது அல்ல. அவர் இருந்த காலத்திலும் அதில் நான்தான் உட்கார்ந்தேன். அவருக்குக் கூட்டம் என்றால் தூக்கம். நான் தொலைபேசி நிலையத்தில் இணைப்பாளராகச் சேர்ந்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவள். ஒரு முனையில் சத்தம் கேட்கவில்லை என்பதற்காக அங்கே ஆள் இல்லை என்று இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. இது அந்த வேலையில் சேருகிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லித் தரப்படுவது. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

4. இனி கால்வாய். எங்கள் தெருவின் பின்புறம் ஓடுகிறது. மேலே இருக்கும் சாய ஆலைகள் என்ன நிறத்துக்குத் துணி நனைக்கின்றனவோ அந்த நிறத்தில் ஓடும். எங்கள் கிணறுகளுக்கு ஊற்று அதிலிருந்துதான். மார்ச் மாதம் ஊரடங்கில் ஆலைகள் மூடின. மே மாதத்துக்குள் தண்ணீர் தெளிந்துவிட்டது. அடி தெரிந்தது. அடியில் கிடந்த ஒரு சைக்கிளைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கத்து வீட்டுத் தையல்காரர், அது பல வருடங்களுக்கு முன் காணாமற்போன தம்முடைய சைக்கிள் என்று அடையாளம் சொன்னார். அதைத் திருடியதாக நினைத்து அவர் தம் மச்சானோடு பேச்சையே நிறுத்தியிருந்தார். இப்போது பேசுகிறார். அவர் மனைவியின் கைகளில் வருடக்கணக்காக இருந்த சொறியும் அந்த மாதங்களில் ஆறிற்று.

என் வீட்டில் கால்வாயைப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. நெடி தாங்காமல் என் கணவர் அதை மூடச் சொன்னார். கடைசி வருடங்களில் மூச்சுக்குக் கஷ்டப்பட்டபோதும் திறக்க விடவில்லை. அவர் இறந்தது இந்தத் தண்ணீரால் என்று நான் சொல்ல வரவில்லை. மருத்துவர் சொல்லாததை நான் சொல்ல மாட்டேன். அந்த ஜன்னலை மே மாதத்தில் தையல்காரர் தம் தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயை விட்டுத் திறந்து கொடுத்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

5. அந்த மாதங்களில் எடுத்த நீர் மாதிரிகளைக் கொண்டு ஓர் இளம் ஆய்வாளர் ஆகஸ்டில் நடந்த மாநாட்டில் கட்டுரை படித்தார். நல்ல கட்டுரை. கழிவுநீர் நின்றால் ஒரு கால்வாய் எவ்வளவு சீக்கிரம் தேறுகிறது என்பதைக் காட்டினார். "ஆலைகள் மூடியிருந்த காலத்தில் மட்டும்" என்று இரண்டு இடங்களில் சொன்னார். என் காதால் கேட்டேன். ஆனால் நிறைவு அமர்வில் வாசிக்கப்பட்ட தீர்மானத்தில் அந்தச் சொற்கள் இல்லை. கால்வாய் தானாகவே மீண்டுவிட்டது என்றது தீர்மானம். ஆகவே வாராந்தர நீர்ப் பரிசோதனையை ஆண்டு இறுதியோடு நிறுத்தலாம். ஆலைகள் கட்டவேண்டிய இரண்டாம் சுத்திகரிப்புத் தொட்டியும் இனித் தேவையில்லை என்று துறைக்குப் பரிந்துரைத்தது. காய்ச்சலோடு படுத்திருந்தவன் இன்றைக்கு யாரையும் அடிக்கவில்லை, ஆகவே அவன் திருந்திவிட்டான் என்பதுபோல் இருந்தது அது.

6. அப்போது நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். தீர்மானத்தை எதிர்ப்பவர் தம் இடத்தில் எழுந்து நிற்க வேண்டும்; தலைவர் அழைக்கும்வரை பேசக் கூடாது; ஒருவர் நின்றாலும் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டு, சம்பந்தப்பட்ட இடத்தை உறுப்பினர்கள் நேரில் பார்த்த பிறகே மறுபடி எடுக்கப்பட வேண்டும். இது ஒன்பதாம் விதி. ஒரு வருடம் கூச்சலில் ஒலிபெருக்கி உடைந்ததற்குப் பிறகு வந்த விதி என்று கேள்வி. நல்ல விதி. மாநாடு இணையத்துக்கு மாறியபோது இதை யாரும் மாற்றவில்லை. கேள்வி கேட்பவர்கள் திரையில் உள்ள கை அடையாளத்தை அழுத்த வேண்டும் என்று சுற்றறிக்கையில் இருந்தது. எதிர்ப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

தலைவர் அவர்கள் எப்போதும் வாசிக்கும் தாளையே வாசித்தார். "எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம்" என்றார். மண்டபத்தில் பார்ப்பதுபோலவே தலையைத் தூக்கி இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தார். அவருக்கு இடப்பக்கம் ஒரு புத்தக அலமாரியும் வலப்பக்கம் ஒரு திரைச்சீலையும் இருந்தன.

நான் எழுந்து நின்றேன். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். நிற்கச் சொன்னால் நேராக நிற்பேன். கூப்பிடும்வரை வாய் திறக்க மாட்டேன். எல்லாருடைய ஒலிவாங்கியையும் செயலாளர் ஏற்கெனவே அடைத்து வைத்திருந்தார். கூப்பிடும்போது அவரே திறப்பார் என்று எண்ணினேன். தலைவர், "யாருமில்லை, ஒருமனதாக நிறைவேறியது" என்றார். அதற்குப் பிறகுதான் பேசினேன். "தலைவர் அவர்களே, நான் நின்றுகொண்டிருக்கிறேன்" என்று இரண்டு முறை சொன்னேன். நன்றியுரை நடந்தது. பிறகு திரை வெளுத்து, கூட்டம் எப்படி இருந்தது என்று ஐந்து நட்சத்திரங்களைக் காட்டிக் கேட்டது. நான் ஒன்றும் கொடுக்கவில்லை.

7. என்ன ஆயிற்று என்பது எனக்கே மறுநாள்தான் புரிந்தது. என் மருமகள் அடுத்த அறையில் தன் அலுவலகக் கூட்டத்தில் இருந்ததால் அமர்வின்போது வரவில்லை. மறுநாள் அவள் அந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்து, பிறகு நிற்கவைத்துப் பார்த்தாள். மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பிஸ்கட் டின்களின்மேல், உட்கார்ந்தால் முகம் தெரியும் உயரத்துக்கு வைத்திருந்தோம். "அத்தை, நின்னா உங்க தலையே தெரியல. புடவை மட்டும்தான் தெரியுது" என்றாள். சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

8. நான் உடனே செயலாளருக்கு எழுதினேன். அவர் தொலைபேசியில் அழைத்தார். மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, நீங்க எழுந்து போனத நாங்க எல்லாரும் பார்த்தோம். உடம்புக்கு முடியலையோன்னு நினைச்சோம். உடம்பப் பார்த்துக்குங்கன்னு நாலு பேர் செய்தி கூட போட்டிருந்தாங்களே" என்றார். கை அடையாளத்தை ஏன் அழுத்தவில்லை என்று கேட்டார். அழுத்தச் சொல்லவில்லை, நிற்கச் சொன்னார்கள், நின்றேன் என்றேன். "வீட்ல நிக்கிறது கணக்குல வராதும்மா" என்றார். அப்படியானால் வீட்டில் உட்கார்ந்திருந்தது மட்டும் எப்படிக் கணக்கில் வந்தது என்று கேட்டேன். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தார். அவர் பார்த்ததன் பலன் செப்டம்பரில் வந்த கூட்டக் குறிப்பு. அதில் நான் வெளியேறியிருந்தேன்.

9. அமர்வின் ஒளிப்பதிவு தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. தயவுசெய்து அதைப் பாருங்கள். தீர்மானம் வாசித்த இடத்திலிருந்து நன்றியுரை முடியும்வரை என் கட்டத்தில் சாம்பல் நிறப் புடவையின் நடுப்பகுதி தெரியும். எழுந்து போனவருடைய இடத்தில் காலி நாற்காலிதான் தெரிய வேண்டும். புடவை தானாக நிற்காது.

10. இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறிப்பு வந்த வாரத்தில் அந்தக் கட்டுரையைப் படித்த ஆய்வாளர் என்னை அழைத்தார். அவரும் எழுந்து நின்றிருக்கிறார். தம் கட்டுரையை வைத்தே செய்த தீர்மானத்தை எதிர்த்து நின்றிருக்கிறார். ஆனால் நிற்பதற்கு முன் தம் கேமராவை அணைத்துவிட்டார். "மேல கோட்டு, டை எல்லாம் போட்டிருந்தேம்மா. கீழ அரை டிராயர். நின்னா மானம் போயிடும்னு கேமராவ அணைச்சுட்டுத்தான் நின்னேன்" என்றார். இதை மனுவில் எழுதலாமா என்று கேட்டேன். அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டி மாநாட்டுத் தலைவரேதான் என்பதால் யோசிக்கச் சொன்னேன். பிறகு, "நின்னது நிஜம்தானேம்மா, எழுதுங்க. டிராயர மட்டும் விட்டுடுங்க" என்றார். அதை விட்டிருப்பேன். ஆனால் கேமரா அணைந்ததற்கு வேறு காரணம் ஏதும் இல்லாததால் எழுத வேண்டியதாயிற்று. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அன்று தத்தம் வீடுகளில் இப்படித் தனியாக எழுந்து நின்றவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. தங்கள் செயலாளருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு ஒருமனது என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

11. செப்டம்பர் நடுவில் ஆலைகள் திறந்தன. முதல் வாரம் தண்ணீர் லேசாக மங்கியது. இப்போது காலையில் நீலமாகவும் பிற்பகலில் செங்கல் நிறத்திலும் ஓடுகிறது. தையல்காரர் தம் சைக்கிளை முன்பே எடுத்துவிட்டது நல்லதாயிற்று. அவர் மனைவிக்குக் கைகளில் மறுபடி தடிப்பு வந்துவிட்டது. தீர்மானப்படி டிசம்பரோடு பரிசோதனை நின்றுவிட்டால், ஜனவரியில் இந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்று சொல்ல யாரிடமும் ஓர் அளவு இருக்காது. மாநாட்டுத் தீர்மானத்தில் பதிவாகியிருப்பது மே மாதத்துத் தண்ணீர் மட்டும்தான். தொட்டி கட்டச் சொல்லிக் கேட்கிறவர்களிடம் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். என் வீட்டு ஜன்னலைப் போன வாரம் மூடிவிட்டேன். எண்ணெய் விட்டிருந்ததால் சுலபமாக மூடிக்கொண்டது.

12. ஆகவே நான் கேட்பவை. கூட்டக் குறிப்பில் நான் வெளியேறியதாக உள்ள வரியை நீக்கி, தீர்மானத்தை எதிர்த்து எழுந்து நின்றதாக எழுத வேண்டும். ஆய்வாளரின் எதிர்ப்பையும் அவரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும். ஒன்பதாம் விதிப்படி தீர்மானத்தை ஒத்திவைத்து, உறுப்பினர்கள் கால்வாயை நேரில் வந்து பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். கரை அகலமானது, தள்ளித் தள்ளி நிற்க இடம் இருக்கிறது. அதுவரை வாராந்தரப் பரிசோதனை நிற்கக் கூடாது. அடுத்த ஆண்டும் மாநாடு இணையத்தில் நடப்பதானால், எதிர்ப்பவர்கள் எப்படித் தெரியப்படுத்த வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். அதன்படி நடந்துகொள்வேன்.

செயலாளர்மீது நடவடிக்கை எடுக்கும்படி நான் கேட்கவில்லை. அவர் பார்த்ததைத்தான் எழுதினார். போதுமான அளவு பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

தாங்கள் இது குறித்து எடுக்கும் முடிவு எதுவானாலும் அதைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் வேலைக்காலம் முழுவதும் தொலைபேசிப் பேச்சுகளை இணைத்துக் கொடுத்தவள் நான். அவற்றில் எதுவும் மறுநாள் யாருடைய கையிலும் இருந்ததில்லை. மேற்கண்ட முகவரிக்கு எழுத்துமூலம் பதில் அனுப்பக் கோருகிறேன்.

இடம்: கீழ்க்கரைத் தெரு
நாள்: அக்டோபர் 12, திங்கட்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
தலைவி,
கால்வாய்க் கீழ்க்கரைக் குடியிருப்போர் சங்கம்