மூன்று நாளுக்கு ஒரு காய்

வேங்கிக்கால்
12.8.2006

கண்ணு,

கம்ப்யூட்டரில் எழுதினால் அப்பா பெயரில்தான் வரும். அதனால்தான் இந்தக் காகிதம்.

“நெட் செஸ்ல அப்பா எப்படி இவ்ளோ தேறிட்டாரு? ராணியை அவசரப்பட்டு இறக்கறதே இல்லையே” என்று கேட்டிருந்தாய்.

ஒரு காய் நகர்த்த மூன்று நாள் அவகாசம் இருக்கிறதே, அதை முழுசாக எடுத்துக்கொள்வதுதான். பிரவுசிங் சென்டரில் உன் ஆட்டத்தைச் சீட்டில் குறித்து வந்து, வீட்டுப் பலகையில் அடுக்கி, நீ எதைக் குறிவைக்கிறாய் என்று தெரியும்வரை காயைத் தொடுவதில்லை. தோற்ற ஆட்டத்தை மறுபடி ஆடி, தப்பு எங்கே என்று தேடுவது. பொங்கலிலிருந்து இப்படித்தான்.

பொங்கலன்று அவர் குதிரைக் காயைக் கையில் வைத்துக்கொண்டு, “இது இன்னாங்க?” என்று என்னைக் கேட்டார். முப்பது வருஷத்தில் என்னை அவர் ‘வாங்க, போங்க’ என்று பேசியதே இல்லை. உனக்கு வேலை புதுசு. ஆட்டம் நின்றால் பதறிவிடுவாய் என்று, அவர் பெயரில் நான் ஆடக் கற்றுக்கொண்டேன்.

நேற்று தோற்றுவிட்டு, “பெருமையா இருக்குப்பா” என்று எழுதியிருந்தாய். அவருக்குப் படித்துக் காட்டினேன்.

“யாருங்க வீட்டுப் புள்ள இது? நல்ல புள்ளயா இருக்கு” என்றார்.

லீவு கேட்டுப் பார், கண்ணு.

அம்மா