முடிச்சூர் மாடிக்கு ஒரு கதவு

இன்று காலை மடிக்கணினியைத் திறந்ததும் கை தானாக 'மாடி' என்ற படத்தின் மேல் போய் நின்றது. உன் வீட்டுக் கணினியை என் திரையில் கொண்டுவர, நீ பெயர் வைத்துக் கொடுத்த ரிமோட் டெஸ்க்டாப். சொடுக்கினேன். சிறிது நேரம் சுற்றிவிட்டு, இணைக்க முடியவில்லை என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்தது. வராது என்று எனக்குத் தெரியும். அதை நிறுத்தியவளே நான்தான். ஏன் நிறுத்தினேன் என்று உன்னிடம் சொல்லவேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் முதலில் போர்ட் என்றால் என்ன என்று தொடங்கவேண்டியிருக்கும். அதற்கு இப்போது தெம்பில்லை.

கொரோனா சமயத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, மேற்குத் தாம்பரத்தில் என் ஃபிளாட்டில் உட்கார்ந்தபடி காலனிப் பிள்ளைகளுக்குக் கணினி வழியாக இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். பள்ளியில் நாம் இருவரும் வேலை பார்த்த காலத்தில் என் வகுப்புக்காக நீ எழுதிய நிரல்கள் நினைவுக்கு வந்தன. லென்ஸை நகர்த்தினால் பிம்பம் தலைகீழாகும், சுற்றை மூடினால் பல்பு எரியும். அவை பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். "அதுக்கென்னப்பா, பழைய விண்டோஸையே என் கம்ப்யூட்டருக்குள்ள உயிரோட வெச்சிருக்கேன். விர்ச்சுவல் மெஷின். நீ உன் வீட்ல இருந்தே உள்ள வரலாம்" என்றாய்.

எனக்குப் புரியவில்லை. "நீதான் எல்லாத்துக்கும் உதாரணம் சொல்லுவியே, இதுக்கும் சொல்லு பார்ப்போம்" என்று என்னையே வம்புக்கு இழுத்தாய். நான் யோசித்துச் சொன்னேன். ஒரு வீட்டின் பின்பக்கம் ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். தெருவில் இருப்பவருக்கு முன்வாசல் கேட் மட்டும்தான் தெரியும். இன்ன எண் சொல்லி வருகிறவரைப் பின்பக்கம் அனுப்பு என்று கேட்டில் சொல்லிவைத்தால், அவர் வீட்டுக்காரர் ஹாலில் நுழையாமல் நேரே குடித்தனக்காரரிடம் போய்விடுவார்.

"அதான் போர்ட். அந்த அனுப்பறதுதான் ஃபார்வர்டிங். இவ்ளோ தெரிஞ்சிக்கிட்டு ஏன்பா என் உயிரை வாங்கின?"

நம் இரண்டு கணினிகளுக்கும் நடுவே நீ போட்ட தனி வழிக்கு, நீ டனல் என்றதற்கு, நான் நம் ரயில்வே சப்வேயைச் சொன்னேன். மேலே ரயில் ஓடிக்கொண்டிருக்கும், நாம் கீழே மேற்கிலிருந்து கிழக்குக்குப் போய்விடுவோம். அதை நீ ஏற்கவில்லை. "சப்வேல ஊரே போகுது. இதுல நீ மட்டும்தான் போவ, உள்ள போறது யாருன்னு வெளிய தெரியாது. உன் உதாரணத்துல ஓட்டை இருக்கு." பிறகு நீயே சொன்னாய்: "நீ தட்டுறது உன் வீட்டுக் கதவைத்தான்ப்பா. திறந்தா என் மாடி இருக்கும்." அது உண்மைதான். என் மடிக்கணினி தன்னுடைய போர்ட் ஒன்றைத்தான் தட்டும். அந்தப் பக்கம் முடிச்சூரில் உன் வீடு இருக்கும்.

முதல் வாரத்திலேயே ஒரு நாள், வகுப்பு முடிந்து வெளியே வருவதற்குப் பதிலாக, உள்ளே இருந்த மெஷினையே அணைத்துவிட்டேன். நீ அன்று வங்கிக்குப் போயிருந்தாய். உன் கணவர்தான் மாடி ஏறிப்போய், நீ போனில் சொல்லச் சொல்ல அதை மறுபடி எழுப்பினார். அவர் மேற்குத் தாம்பரத்தில் மோட்டார் பைப் கடை வைத்திருந்தவர். எனக்கு எப்போதும் பாய். அதன்பின் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா டீச்சர், விருந்துக்கு வந்துட்டு வூட்டப் பூட்டிக்கினு பூட்டீங்களே" என்பார். நீ சிரித்துச் சிரித்து இருமுவாய்.

நீ கண்மூடியபிறகு நான் அந்தப் படத்தின் பக்கமே போகவில்லை. ஒரு நாள் பாய் கூப்பிட்டார். "டீச்சர், மெஷின் ஓடிக்கினுதான் கீது. நீங்க பாட்டுக்குப் பாடம் எடுங்க."

வீட்டில் தனியாக இருக்கிறார், மேலே அது ஓடுகிற சத்தம் நீ இருப்பதுபோல இருக்கிறதாக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அதனால் தினமும் காலையில் உள்ளே போனேன். பாடம் எதுவும் இல்லை. பிள்ளைகள் எப்போதோ போனில் வீடியோ பார்க்கப் பழகிவிட்டார்கள், என்னிடம் வருவது நின்றுவிட்டது. லென்ஸை ஒரு தரம் நகர்த்துவேன், பல்பை எரியவிட்டு அணைப்பேன், வெளியே வந்துவிடுவேன். கண் எரிகிற நாளில் அதுகூடப் பாரமாக இருக்கும். ஆனாலும் போவேன்.

மின்சாரம் போனால் இணைப்பு அறுந்துவிடும். "பாய், கரண்ட் போச்சா?" என்று கூப்பிடுவேன். "வந்துடிச்சி டீச்சர், இருங்க ஏர்றேன்" என்பார். வெள்ளம் வந்த வருஷத்துக்குப் பிறகு நீ கணினியை மாடியில் வைத்துவிட்டாய் அல்லவா, வீட்டுக்கு வெளியே இருக்கும் அந்தக் குறுகலான படியில் அவர் மூச்சு வாங்குவது போனில் கேட்கும். இதற்காகவாவது எழுந்து நடமாடுகிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

உன் மகள் பர்வீன் நாவலூர் வீட்டில் அவருக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தாள். லிஃப்ட் உள்ள கட்டடம். கடையைத்தான் கைமாற்றிவிட்டாரே, வந்துவிடலாம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவர் அசையவில்லை. வீட்டின் மேல் பாசம் என்று நானும் விட்டுவிட்டேன்.

போன மாதம் மழையில் கரண்ட் போய் வந்தது. நான் கூப்பிட்டேன். அவர் ஏறினார். ஈரப்படியில் வழுக்கி முட்டியில் அடி. எலும்பு முறியவில்லை, ஆனால் கால் ஊன்ற முடியவில்லை. அன்று சாயங்காலம் பர்வீன் பேசினாள். குரலில் கோபமில்லை, அலுப்புதான் இருந்தது.

"ஆன்ட்டி, உங்க கிளாஸ் எப்ப முடியும்?"

"எந்த கிளாஸும்மா?"

"டீச்சர்கிட்ட படிக்கிற புள்ளைங்களுக்குப் பரீட்சை முடியட்டும், அதுவரைக்கும் மெஷினை நிறுத்த முடியாதுன்னு அத்தா சொல்றாரே. அதனாலதான் நாவலூருக்கு வரமாட்டேங்கிறாரு. ஒவ்வொரு தடவையும் இதைத்தான் சொல்றாரு."

நேரில் வந்து பேசுகிறேன் என்று போனை வைத்தேன். மறுநாள் ஷேர் ஆட்டோ பிடித்து முடிச்சூர் போனேன். பாய் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். பர்வீன் டீ போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

"பாய், நான் கிளாஸ் எடுத்தே ரொம்ப நாளாச்சு."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப டெய்லி இன்னாத்துக்கு கரண்ட் போச்சா, கரண்ட் போச்சான்னு கேட்டுக்கினு இருந்தீங்க?"

"அது ஓடணும்னு நீங்க ஆசைப்படறீங்கன்னு நினைச்சேன்."

"நானா? நேரா என் கட்டிலுக்கு மேல கொய்ய்ன்னு கத்திக்கினு கீது டீச்சர், தூக்கமே கிடையாது. உங்களுக்கு வேணுமேன்னு இல்ல வுட்டு வெச்சேன்."

டீயோடு வந்த பர்வீன் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "நல்லா இருக்கு. ரெண்டு பேர்ல ஒருத்தர் வாயத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா?" சிரிக்கத்தான் தொடங்கினாள், பிறகு துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"இவ அம்மா இருந்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் மாடில வுட்டுப் பூட்டிக்கினு போயிருப்பா" என்றார் பாய்.

நீ அப்படித்தான் செய்திருப்பாய்.

அம்மாவின் விர்ச்சுவல் மெஷின் முழுதும் ஒரே ஃபைல்தான், காப்பி எடுத்துத் தருகிறேன் என்றாள் பர்வீன். நீயே வைத்துக்கொள் என்றேன். அவள் எடுத்து முடித்தபின் நானும் அவளும் மேலே போனோம். கீழே உட்கார்ந்தபடியே பாய் சத்தம் கொடுத்தார்: "மொதல்ல உள்ள கீறத நிறுத்துங்க, அப்பால வெளிய. மாத்தி நிறுத்தினா அவளுக்குக் கோவம் வரும்." அப்படியே செய்தேன். விசிறி மெதுவாகச் சுழன்று நின்றது. கீழேயிருந்து, "நின்னுடிச்சா?" என்ற குரல். "நின்னுடுச்சு பாய்" என்றேன்.

கிளம்பும்போது பாய் கேட்டார். "இனிமே காலையில நீங்க போன் பண்றதுக்கு ஒண்ணும் இல்ல, இல்ல டீச்சர்?"

இல்லை பாய் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆட்டோவில் முழு வழியும் அந்தக் கேள்விதான் ஓடியது. அத்தனை நாள் அவர் படி ஏறியது எனக்காக. நான் கண் எரிய உட்கார்ந்தது அவருக்காக. நடுவில் நீ ஒருத்தி இருந்ததால் எங்கள் இருவருக்கும் நேராகப் பேசிப் பழக்கமே இல்லை.

அவர் நாவலூர் போய்விட்டார். நான் தினமும் கூப்பிடுகிறேன். முட்டி எப்படி என்று கேட்பேன். "லிஃப்ட் கீது டீச்சர். கீழ போறேன், மேல வர்றேன், வேற இன்னா வேலை" என்பார். பிறகு இரண்டு பக்கமும் சத்தம் இருக்காது. அவர் வைக்கமாட்டார், நானும் வைக்கமாட்டேன். இன்று அந்த அமைதியில் திடீரென்று, "அவ ஒரு மீன் கொழம்பு வெப்பாளே, அதுல இன்னா போடுவா, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. யாரிடமாவது கேட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.